ஃபார்வர்டும் எஃப்.ஐ.ஆரும்

(நூலக வாசகர் கூட்டத்தில் ஆற்றிய உரை. அச்சுக்காகச் சற்றே திருத்தப்பட்டது.)

அழைப்பிதழில் ‘இணையம், சட்டம், சமூகம்’ என்று பெரிதாகப் போட்டுவிட்டார்கள். அந்தத் தலைப்புக்கு நியாயம் செய்ய வேண்டுமென்றால் விடிய விடியப் பேச வேண்டும். கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்களும் இங்கே இருப்பீர்கள். ஆகவே இந்த அரங்கில் உள்ள எல்லோரும் இன்று காலையிலிருந்து ஒரு முறையாவது செய்திருக்கக்கூடிய ஒரே ஒரு காரியத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். வந்த செய்தியை அடுத்தவருக்குத் தள்ளிவிடுவது. ஃபார்வர்டு.

பாகிஸ்தானில், கராச்சி நகரில், காணாமல் போகும் குழந்தைகளுக்காக உழைக்கும் ரோஷ்னி ஹெல்ப்லைன் என்ற தொண்டு நிறுவனம் ஒரு விழிப்புணர்வுப் படம் எடுத்தது. தெருவில் பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடுகிறார்கள். பைக்கில் வரும் இருவர் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு பறக்கிறார்கள். சில நொடிகளில் திரும்பி வந்து குழந்தையை இறக்கிவிட்டு, ஓர் அட்டையைத் தூக்கிக் காட்டுகிறார்கள். இந்த நகரத்தில் ஒரு பிள்ளையைக் கடத்த இவ்வளவு நேரம்தான் ஆகிறது, கவனமாக இருங்கள் என்பதுதான் அதன் சாரம். நல்ல படம். யாரோ ஒருவர் அதன் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டார். குழந்தை திரும்பி வரும் காட்சியும் இல்லை, அட்டையும் இல்லை. அந்த வெட்டுப்பட்ட துண்டு 2018இல் இந்தியா முழுக்க வாட்ஸ்அப்பில் சுற்றியது, ‘நம் ஊரில் பிள்ளை பிடிக்கும் கும்பல் இறங்கிவிட்டது’ என்ற குறிப்போடு.

அந்த ஆண்டு தமிழ்நாட்டிலும் அதே பயம் ஊர் ஊராகப் பரவியது. மே 9ஆம் தேதி, திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் அத்திமூர். குலதெய்வக் கோயிலுக்காகச் சென்னையிலிருந்து காரில் வந்த ஒரு குடும்பம் வழி கேட்க நின்றது. காரில் இருந்த 65 வயது அம்மா ஒருவர் அங்கே நின்ற பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். ஊர் திரண்டது. அந்த அம்மா அடித்தே கொல்லப்பட்டார். உடன் வந்தவர்கள் படுகாயமடைந்தார்கள். அதே வாரம் பழவேற்காட்டில் ஒருவரை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். ஜூலை 1ஆம் தேதி மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில், ரெயின்பாடா என்ற ஊரில், ஐந்து பேர் ஒரே இடத்தில் கொல்லப்பட்டார்கள்.

இதற்கெல்லாம் அரசு கொடுத்த பதில் என்ன? கொலை செய்தவர்கள் மீது வழக்கு. அது சரி, அதில் கேள்வி இல்லை. வாட்ஸ்அப் நிறுவனம் தன் பங்குக்கு, ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி இந்தியாவில் கட்டுப்பாடு வைத்தது. ஆனால் அரசின் முக்கியமான கேள்வி வேறாக இருந்தது: இதை முதலில் அனுப்பியது யார்?

இந்தக் கேள்வி நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் வளர்ந்தது என்பது பலருக்குத் தெரியாது. இணையத்தில் நடக்கும் அவதூறையும் துன்புறுத்தலையும் தடுக்க, சமூக ஊடகக் கணக்குகளை ஆதாரோடு இணைக்க வேண்டும் என்று 2018இல் மனுக்கள் வந்தன. ஆதார் பேச்சை நீதிமன்றம் ஒதுக்கிவிட்டது. ஆனால் வழக்கு முடியவில்லை. செய்தியின் மூலத்தைக் கண்டுபிடிக்க முடியுமா என்ற திசைக்கு அது திரும்பியது. அனுப்புபவரும் பெறுபவரும் தவிர யாரும் செய்தியைப் படிக்க முடியாதபடி காக்கும் மறையாக்கத்தை உடைக்காமலே அது முடியும் என்று ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர் காமகோடி நீதிமன்றத்தில் யோசனை சொன்னார். முடியாது என்றது வாட்ஸ்அப். பிறகு அதன் தாய் நிறுவனமான ஃபேஸ்புக் உச்ச நீதிமன்றத்துக்குப் போய், வழக்கை அங்கே மாற்றிக்கொண்டது. 2021 பிப்ரவரியில் ஒன்றிய அரசு புதிய தகவல் தொழில்நுட்ப விதிகளைக் கொண்டுவந்தது. 50 லட்சத்துக்கு மேல் பயனர்கள் உள்ள செய்திச் செயலிகள், நீதிமன்றமோ உரிய அதிகாரியோ கேட்டால், ஒரு செய்தியை முதலில் அனுப்பியவரை அடையாளம் காட்ட வேண்டும் என்று நான்காம் விதி சொல்கிறது. வாட்ஸ்அப் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. மறையாக்கத்தை உடைக்கச் சொன்னால் நாங்கள் இங்கே இருக்க முடியாது என்று 2024இல் அதன் வழக்குரைஞர் வாய்விட்டே சொன்னார்.

அந்தரங்க உரிமை, மறையாக்கம் ஆகிய இரண்டைப் பற்றியும் எல்லோரும் பேசிவிட்டார்கள். நான் கேட்பது அதைவிட எளிமையானது. இந்த விதி 2018இல் இருந்திருந்தால், அந்தக் காணொளியின் வேரைத் தேடிப் போன போலீஸ் எங்கே போய் நின்றிருக்கும்? கராச்சியில், குழந்தைகளைக் காப்பாற்ற உழைக்கும் ஒரு தொண்டு நிறுவனத்தின் வாசலில். விதியை எழுதியவர்கள் இதையும் யோசித்திருக்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை. முதலில் அனுப்பியவர் வெளிநாட்டில் இருந்தால், இந்தியாவுக்குள் முதலில் அனுப்பியவரையே மூல அனுப்புநராகக் கருத வேண்டும் என்று அதே விதி சொல்கிறது. அவர் யாராக இருந்திருப்பார்? பேரப்பிள்ளை மேல் பயம் கொண்ட ஒரு தாத்தாவாக இருக்கலாம். பள்ளி வாசலில் காத்திருந்த ஒரு தாயாக இருக்கலாம். அவரைப் பிடித்து உள்ளே வைத்திருந்தால் அத்திமூரில் அந்த அம்மா பிழைத்திருப்பாரா? எனக்கு நம்பிக்கை இல்லை. அந்தச் செய்தியை ஆபத்தாக்கியது அதை எழுதியவரின் கெட்ட எண்ணம் அல்ல. ‘நெருப்பில்லாமல் புகையுமா’ என்று நினைத்து அடுத்த ஐந்து பேருக்கு அனுப்பியவர்களின் நல்ல எண்ணம்.

அப்படியென்றால் அனுப்பியவருக்குப் பொறுப்பே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. அதைப் பற்றித் தமிழ்நாட்டு நீதிமன்றங்கள் தெளிவாகப் பேசியிருக்கின்றன.

2018 ஏப்ரலில், முன்னாள் சட்டமன்ற உறுப்பினரும் நடிகருமான எஸ்.வி. சேகர், பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் ஒரு பதிவைத் தன் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டார். தான் எழுதியதில்லை, வந்ததைப் படிக்காமலே பகிர்ந்துவிட்டேன் என்றார். பதிவை நீக்கினார், மன்னிப்பும் கேட்டார். முன்ஜாமீன் மறுத்த உயர் நீதிமன்றம், பகிர்வது அதை ஆமோதிப்பதற்குச் சமம் என்றது. 2023 ஜூலையில் வழக்கை ரத்து செய்ய மறுத்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், அனுப்பிய செய்தியை வில்லிலிருந்து புறப்பட்ட அம்புக்கு ஒப்பிட்டார். கையில் இருக்கும் வரைதான் அது உங்கள் கட்டுப்பாட்டில். உச்ச நீதிமன்றத்தில், அப்போது கண்ணுக்கு மருந்து விட்டிருந்ததால் படிக்க முடியவில்லை என்று ஒரு வாதம் வந்தது. நீதிபதிகள் ஏற்கவில்லை. 2024 பிப்ரவரியில் சென்னைச் சிறப்பு நீதிமன்றம் ஒரு மாதச் சிறையும் 15,000 ரூபாய் அபராதமும் விதித்தது. மேல்முறையீடு எல்லாம் தனிக்கதை.

இந்தத் தீர்ப்பு எனக்கு உடன்பாடானதே. படிக்காமல் பகிர்ந்தேன் என்பது தெருக்கோடியில் இருப்பவருக்கு வேண்டுமானால் சமாதானமாக இருக்கலாம். பின்தொடர்வோர் ஆயிரக்கணக்கில் உள்ள, சட்டமன்றத்தில் உட்கார்ந்த ஒருவருக்கு அது சமாதானம் ஆகாது. ஆனால் இதே அளவுகோலைக் குடும்பக் குழுவில் வந்த காணொளியைத் தள்ளிவிட்ட அத்தைக்கும் வைத்தால் சிறைகள் போதாது. பொறுப்பு எல்லோருக்கும் உண்டு. ஒரே அளவில் இல்லை. எவ்வளவு பேருக்கு உங்கள் குரல் கேட்கிறது, கேட்பவர்கள் அதை எவ்வளவு நம்புவார்கள் என்பதைப் பொறுத்தது அது. நம் சட்டப் புத்தகத்தில் இந்த அளவை இன்னும் யாரும் எழுதவில்லை. வழக்குக்கு வழக்கு நீதிபதிகள்தான் கையால் அளக்கிறார்கள்.

அளக்காமல் வெட்டினால் என்ன ஆகும் என்பதற்கு நம்மிடம் ஒரு முழு வரலாறே இருக்கிறது. 66ஏ.

2008 டிசம்பரில், மும்பைத் தாக்குதல் நடந்து ஒரு மாதம்கூட ஆகாத நேரத்தில், பெரிய விவாதமின்றி நாடாளுமன்றம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தைத் திருத்தியது. அதில் நுழைந்தது இந்தப் பிரிவு. மிகவும் புண்படுத்தும் செய்தி, எரிச்சல் தரும் செய்தி, அசௌகரியம் உண்டாக்கும் செய்தி, இவற்றை அனுப்பினால் மூன்றாண்டு வரை சிறை. இந்தச் சொற்களின் பூர்வீகம் தெரிந்தால் சிரிப்பு வரும். பிரிட்டன் 1935இல் தன் அஞ்சல் சட்டத்தைத் திருத்தியபோது, தொலைபேசியில் ஆபாசமாகவோ மிரட்டலாகவோ பேசுவதைத் தண்டிக்க எழுதிய வாசகம் அது. ஒருவர் இன்னொருவரின் காதுக்குள் பேசும் கருவிக்கான சட்டம். அது 2003இல் அங்கே மின்னணுத் தொடர்பு முழுமைக்கும் விரிந்தது, பிறகு நாம் இரவல் வாங்கிக் கொஞ்சம் மசாலாவும் சேர்த்துக்கொண்டோம். ஊருக்கே பேசும் கருவிக்கு அதைப் பொருத்தினோம். ஊருக்குப் பேசினால் யாரோ ஒருவருக்கு எரிச்சல் வரத்தானே செய்யும்?

2012 அக்டோபரில் புதுச்சேரியில் ஒரு சிறு தொழில் நடத்துபவர், அப்போதைய ஒன்றிய நிதியமைச்சரின் மகனைப் பற்றி ட்விட்டரில் எழுதினார். அவரைப் பின்தொடர்ந்தவர்கள் 16 பேர் என்று செய்தித்தாள்கள் எழுதின. பதினாறு பேர்! புகார் மின்னஞ்சலில் வந்தது, விடிவதற்குள் கைது. அடுத்த மாதம் மும்பை அருகே பால்கர். பால் தாக்கரே மறைவையொட்டி நகரம் ஏன் ஸ்தம்பிக்க வேண்டும் என்று ஓர் இளம்பெண் ஃபேஸ்புக்கில் கேட்டார். அவருடைய தோழி அதற்கு ‘லைக்’ போட்டார். இருவரும் கைது. கேள்வி கேட்ட பெண்ணின் மாமா ஒரு மருத்துவர். அவருடைய மருத்துவமனையைக் கும்பல் அடித்து நொறுக்கியது. வெளியே கும்பல் செய்ததையும் உள்ளே காவல் நிலையம் செய்ததையும் தனித்தனியாகப் பார்க்காதீர்கள். இரண்டு பேரும் ஒரே பக்கம் நின்றார்கள். சமூகத்தின் கோபத்துக்குச் சட்டம் ஒரு பிரிவு எண்ணைக் கடன் கொடுத்தது, அவ்வளவுதான்.

அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு ஷ்ரேயா சிங்கால் என்ற 21 வயது இளம்பெண் உச்ச நீதிமன்றம் போனார். 2015 மார்ச் 24, நீதிபதிகள் செலமேஸ்வர், ரோகின்டன் நாரிமன் அமர்வு 66ஏ பிரிவை முழுவதுமாக அடித்து நீக்கியது. ஒரு கருத்தை விவாதிப்பதும் வலியுறுத்துவதும் உரிமை. வன்முறைக்குத் தூண்டும் இடத்தில்தான் அரசு கை வைக்கலாம் என்றது தீர்ப்பு. நாடே கொண்டாடியது. வழக்குரைஞர்களான நாங்களும் கொண்டாடினோம்.

செத்துப்போன அந்தப் பிரிவு அதற்குப் பிறகும் ஆறேழு வருடம் காவல் நிலையங்களில் உயிரோடு இருந்தது. பியூசிஎல் என்ற குடியுரிமை அமைப்பு உச்ச நீதிமன்றத்திடம் 2021இல் கொடுத்த கணக்கின்படி, 11 மாநிலங்களின் மாவட்ட நீதிமன்றங்களில் 745 வழக்குகள் இன்னமும் நடந்துகொண்டிருந்தன. அதிர்ச்சியாக இருக்கிறது என்றது உச்ச நீதிமன்றம். அப்போது அட்டர்னி ஜெனரல் வேணுகோபால் சொன்ன விளக்கம்தான் எனக்கு இன்றும் மறக்கவில்லை. சட்டப் புத்தகத்தில் 66ஏ அப்படியே அச்சாகியிருக்கிறது; அது ரத்தான செய்தி அடிக்குறிப்பில்தான் இருக்கிறது; வழக்குப் பதிவு செய்யும் அதிகாரி பிரிவைப் பார்க்கிறார், அடிக்குறிப்பைப் பார்ப்பதில்லை. உச்ச நீதிமன்றத்தின் மிகப் பெரிய பேச்சுரிமைத் தீர்ப்பு ஒரு சப்-இன்ஸ்பெக்டரின் மேசையில் பொடி எழுத்தில் கிடந்தது. இனி யார் மீதும் இந்தப் பிரிவில் வழக்கு நடத்தக் கூடாது என்று 2022 அக்டோபரில் மறுபடியும் ஓர் ஆணை போட வேண்டியிருந்தது. தீர்ப்பு தில்லியில் கிடைக்கிறது. அது ஊர் வந்து சேர்வதற்கு ஃபார்வர்டின் வேகம் கிடையாது.

பிரிவு போனாலும் பழக்கம் போகவில்லை. இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 153ஏ, 505 என்று வேறு எண்கள் இருந்தன. 2024 ஜூலை முதல், அதன் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அவற்றுக்குப் புதிய எண்கள். நம் மாநிலம் ஒரு படி மேலே போய், 2014இல் குண்டர் சட்டத்தில் சைபர் குற்றவாளிகளையும் சேர்த்துக்கொண்டது. அந்தச் சட்டத்தின் முழுப் பெயரை நேரம் கிடைக்கும்போது படித்துப் பாருங்கள். கள்ளச்சாராயக்காரர், சைபர் குற்றவாளி, போதைப்பொருள் விற்பவர், வனக் குற்றவாளி, குண்டர் என்று ஆங்கில அகர வரிசையில் எல்லோரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். விசாரணை இல்லாமல் ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம்.

சட்டமே வேண்டாம் என்கிறேனா? இல்லை. அப்படிச் சொல்பவர்கள் இணையத்தில் அடிவாங்கியதில்லை என்று நினைக்கிறேன். 2004இல், தகவல் தொழில்நுட்பச் சட்டம் இங்கே இன்னும் பால்குடி மாறாத காலத்தில், சென்னையில் ஒரு பெண்ணின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் ஒருவன் யாஹூ குழு ஒன்றில் ஆபாசமாகப் பரப்பினான். அந்தப் பெண்ணுக்கு ஓயாமல் அழைப்புகள். அவர் ஒளிந்துகொள்ளவில்லை, புகார் கொடுத்தார். சென்னை சைபர் கிரைம் பிரிவு மும்பை வரை போய் ஆளைப் பிடித்தது. அதே ஆண்டு நவம்பரில் எழும்பூர் நீதிமன்றம் தண்டனை கொடுத்தது. ஆபாசத்தைப் பரப்புவதற்கு எதிரான 67ஆம் பிரிவில் நாட்டிலேயே முதல் தண்டனை அது. இருபது வருடத்துக்கு முன்னால், ஓராண்டுக்குள்! இன்று ஒரு பெண் இப்படிப் புகார் கொடுத்துவிட்டு எத்தனை முறை நடக்க வேண்டியிருக்கிறது என்பதை இந்த அரங்கில் உள்ள வழக்குரைஞர்கள் அறிவார்கள்.

அதே 67ஆம் பிரிவு 2017 நவம்பரில் எங்கே போனது பாருங்கள். கந்துவட்டிக் கொடுமையால் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு குடும்பமே தீக்குளித்தது. கார்ட்டூனிஸ்ட் பாலா ஒரு கேலிச்சித்திரம் வரைந்தார். எரியும் குழந்தைக்கு முன்னால் முதலமைச்சரும் ஆட்சியரும் காவல் ஆணையரும் ஆடையின்றி ரூபாய் நோட்டுக்கட்டால் மானம் மறைத்து நிற்கிறார்கள். ஆட்சியர் புகார் கொடுத்தார், பாலா கைதானார், அவதூறோடு ‘ஆபாசம்’ என்று 67ஆம் பிரிவும் சேர்ந்துகொண்டது. மறுநாளே ஜாமீன், பின்னாளில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வழக்கையே ரத்து செய்தது. ஒரு பெண்ணின் மானத்தைக் காத்த பிரிவு, அதிகாரிகளின் மானத்தைக் காக்கக் கிளம்பியது. எழுத்து ஒன்றுதான். புகார் கொடுப்பவர் மாறியதும் வேகமும் மாறியது.

கொஞ்சம் சிரிக்கலாம். அதுவும் நீதிமன்றம் சொன்னதுதான். 2021இல் மதுரைப் பக்கத்துக் கட்சிக்காரர் ஒருவர் மகளோடும் மருமகனோடும் சிறுமலைக்குச் சுற்றுலா போய்விட்டு, படங்களை ஃபேஸ்புக்கில் போட்டு, துப்பாக்கிப் பயிற்சிக்காகச் சிறுமலைப் பயணம் என்கிற மாதிரி ஒரு கிண்டலையும் எழுதிவிட்டார். வாடிப்பட்டி போலீஸ் வழக்குப் போட்டது. எதற்கு? அரசுக்கு எதிராகப் போர் தொடுக்க ஆயுதம் சேர்த்ததாக! காவலில் வைக்கக் கேட்டபோது வாடிப்பட்டி மாஜிஸ்திரேட் மறுத்துவிட்டார். இந்தக் கதையில் எனக்குப் பிடித்த ஆள் அவர்தான். வழக்கை ரத்து செய்த நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், சிரிக்கும் கடமை என்று ஒன்று இருக்கிறது என்று தீர்ப்பிலேயே எழுதினார். இங்கிலாந்திலும் இதே கதை நடந்தது. பனியால் விமான நிலையம் மூடப்பட்ட எரிச்சலில், அதைக் குண்டு வைத்துத் தகர்ப்பேன் என்று ட்விட்டரில் விளையாட்டாக எழுதிய இளைஞருக்கு 2010இல் தண்டனை. மேல்முறையீட்டில் அது விளையாட்டுத்தான் என்று உயர் நீதிமன்றம் ஒப்புக்கொள்ள 2012 ஆனது. நடுவில் வேலை போனது. அவரைத் தண்டித்த பிரிவு, நான் முன்பு சொன்ன 1935 தொலைபேசிச் சட்டத்தின் பேரன்.

சிறுமலை வழக்கை ரத்து செய்த அதே மதுரைக் கிளை, குழுவில் யாரோ போட்ட பதிவுக்கு வாட்ஸ்அப் அட்மினை மட்டும் குற்றவாளியாக்க முடியாது என்றும் சொல்லியிருக்கிறது. அட்மின்கள் நிம்மதியாக இருக்கலாம். ஆனால் குழுவில் வந்த பொய்யைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருப்பவரைச் சட்டம் விட்டுவிடுகிறது என்பதால், ஊர் விட்டுவிட வேண்டியதில்லை.

அத்திமூர் பயம் பரவிய அதே 2018இல் தெலங்கானாவின் ஜோகுலாம்பா கட்வால் மாவட்டத்தில் ரேமா ராஜேஸ்வரி என்ற காவல் கண்காணிப்பாளர் இருந்தார். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு காவலரைப் பொறுப்பாக்கியிருந்தார். கோடையில் வாசலில் படுக்கும் ஜனங்கள் அந்த மார்ச்சில் கதவைத் தாழிட்டு உள்ளே படுப்பதை அந்தக் காவலர்கள் கவனித்தார்கள். ஏன் என்று கேட்டபோது கைப்பேசியை நீட்டினார்கள். அதே மாதிரிக் காணொளி. அவர் சர்வர் தேடவில்லை. தப்பு அடிக்கும் கலைஞர்களை அழைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார். பாட்டாகப் பாடி, இது பொய் என்று சொல்ல வைத்தார். தங்கள் காவலரின் எண் ஊரில் எல்லோரிடமும் இருந்தது. சந்தேகம் வந்தால் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவருடைய மாவட்டத்தில் அந்தக் காணொளியால் ஓர் உயிர்கூடப் போகவில்லை.

இதை ஏதோ நாட்டுப்புற ரசனைக்காகச் சொல்லவில்லை. அவருக்கும் 505 பிரிவு இருந்தது, கைது அதிகாரம் இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் போயிருந்தால் யாரும் கைப்பேசியைக் காட்டியிருக்க மாட்டார்கள். நம் மாவட்டங்களில் இன்று சைபர் கிரைம் காவல் நிலையங்கள் இருக்கின்றன. 1930 என்ற உதவி எண் இருக்கிறது, பணம் பறிபோனால் உடனே கூப்பிடுங்கள். ஆனால் ஒரு பொய்ச் செய்தி வந்தால் யாரைக் கூப்பிட்டு ‘சார், இது நிஜமா?’ என்று கேட்பீர்கள்? உங்கள் ஊர்க் காவலரின் எண் உங்களிடம் இருக்கிறதா? இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கும் ஆய்வாளர் அவர்களிடம் இந்தக் கேள்வியை வைத்துவிட்டு உட்காருகிறேன். பதிலை அவர் சொல்லட்டும், மைக்கை அவரிடமே கொடுங்கள்.